தாத்தாவின் பெட்டியில் கிடைத்த 'மலாயா' மெடல் எதற்காகக் கொடுக்கப்பட்டது?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளி மெடல் கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் ஒரு பெண்ணும் இரண்டு குதிரைகளும். வெள்ளையும் அடர்சிவப்புமாக ரிப்பன். அதன் குறுக்கே ஒரு சின்ன வெள்ளிப் பட்டை, அதில் ஆங்கிலத்தில் 'மலாயா' என்ற ஒரே சொல். தாத்தாவோ வீட்டில் "கப்பல்ல சமையல் வேலை" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. இது வீரப்பதக்கமா, எந்தப் போரில் கொடுத்தது, விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். வீரப்பதக்கம் இல்லை. பிரிட்டிஷ் கடற்படையின் 'நேவல் ஜெனரல் சர்வீஸ் மெடல், 1915'. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில், கடற்படைப் பணியில் இருந்தவர் எல்லோருக்கும் இது உண்டு. கப்பலின் கேப்டனுக்கும் அதே மெடல்தான், அடுப்படியில் நின்றவருக்கும் அதே மெடல்தான். அதனால் சமையல் வேலை என்று தாத்தா சொன்னதற்கும் பெட்டிக்குள் மெடல் இருப்பதற்கும் முரண்பாடு எதுவும் இல்லை.

இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. எந்தப் போர் என்று கேட்கிறீர்கள். அரசாங்கக் கணக்குப்படி அங்கே போரே நடக்கவில்லை. இந்த மெடல் இருப்பதே அப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான்.

பெரிய போர் வந்தால் அதற்கென்று தனி மெடல் அடிப்பார்கள். ஆனால் ஏகாதிபத்தியம் நடத்துகிறவர்களுக்குப் பெரிய போர்களுக்கு நடுவே சில்லறை வேலைகள் நிறைய இருக்கும். ஒரு வளைகுடாவில் கடத்தலைத் தடுப்பது, ஒரு துறைமுகத்தில் ஆட்களை இறக்கி மிரட்டுவது, ஒரு நதியில் ரோந்து போவது. ஒவ்வொன்றுக்கும் தனி மெடல் அடித்தால் கட்டுபடியாகாது. அதனால் 1915 ஆகஸ்ட் 6 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் ஒரே ஒரு பொது மெடலை ஏற்படுத்தினார்கள். இடம் மாறினால் மெடல் மாறாது, ரிப்பனின் குறுக்கே செருகும் பட்டைதான் மாறும். அந்தப் பட்டைக்கு ஆங்கிலத்தில் 'கிளாஸ்ப்' என்று பெயர். ஒருவர் பாலஸ்தீனத்திலும் பணி செய்து பிறகு மலாயாவிலும் பணி செய்திருந்தால் இரண்டாவது மெடல் கிடையாது, முதல் பட்டைக்கு மேலே இன்னொரு பட்டை ஏறும், அவ்வளவுதான். இந்த ஏற்பாடு 1962 வரை ஓடியது. அதன் பிறகு முப்படைகளுக்கும் பொதுவாக வேறு மெடல் வந்துவிட்டது.

உங்கள் பட்டைக்கு வருகிறேன். 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மெடலுக்கான கணக்கும் அதே ஜூன் 16-லிருந்துதான் தொடங்குகிறது. முடிவு 1960 ஜூலை 31. பன்னிரண்டு வருஷம் பீரங்கி, விமானம், ஹெலிகாப்டர் எல்லாம் வைத்துச் சண்டை போட்டார்கள். ஆனாலும் அதன் பெயர் 'அவசரகாலம்'தான். போர் என்று அறிவித்தால் லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தரமாட்டா, அதனால்தான் அந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவசரகாலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அடையாள அட்டை வந்தது, முள்கம்பி வேலி வந்தது, ஊரடங்கு வந்தது, அரிசிக்கு அளவு வைத்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காகத் தோட்டத்து மக்களின் சாப்பாட்டையே எண்ணினார்கள். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர் ஒரு பக்கம் கெரில்லாவுக்கும் மறு பக்கம் பட்டாளத்துக்கும் பயந்துகொண்டு போனார். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்துக்காரர், கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காப்பாற்ற நேருவின் அரசு பேசிப் பார்த்தது. நடக்கவில்லை. இவ்வளவும் உங்கள் பட்டையில் இருக்கும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதனால்தான் 'மலாயா' பட்டையைப் பார்க்கும்போது எனக்குக் கடற்படை ஞாபகம் வருவதற்கு முன்னால் தோட்டம்தான் ஞாபகம் வருகிறது.

காட்டுச் சண்டையில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கரையோரமாக ரோந்து சுற்றி, கடல் வழியாக ஆயுதமும் ஆட்களும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். ஃபிரிகேட், குரூசர் வகைப் போர்க்கப்பல்கள் கரைக்கு நெருங்கி நின்று காட்டுக்குள் குண்டு போட்டன. கடற்படையைச் சேர்ந்த ராயல் மரீன் கமாண்டோக்கள் 1950 முதல் 1952 வரை உள்நாட்டிலேயே காட்டில் கிடந்தார்கள். 1953 தொடக்கத்தில் கடற்படையின் 848-ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டர்களோடு வந்து இறங்கியது. துருப்புகளை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காட்டு நடுவில் இறக்குவது இன்று சர்வசாதாரணம், அன்று புதுசு. அந்த ஸ்குவாட்ரன் தளம் போட்டது உங்கள் தாத்தா வேலை பார்த்த அதே செம்பவாங்கில்தான்.

தகுதி விதிகள் கடுமையானவை அல்ல. கரையோர ரோந்துக் கப்பலில் 28 நாள், அல்லது கரையில் நடந்த பணியில் சேர்க்கப்பட்டு ஒரே ஒரு நாள் என்ற மாதிரிதான். குண்டு அடிபட்டிருக்க வேண்டும், யாரையாவது சுட்டிருக்க வேண்டும் என்றெல்லாம் கிடையாது. ரிப்பனில் சின்னதாக வெண்கல இலை ஒன்று குத்தியிருந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அது ஓக் மர இலை. தளபதியின் அறிக்கையில் ஒருவர் பெயர் தனியாகக் குறிப்பிடப்பட்டது என்று அர்த்தம். அது சமையல்காரருக்கும் கிடைக்கலாம்.

இனி மற்ற பட்டைகள். உங்கள் கேள்விக்கு இவை தேவையில்லைதான், ஆனால் இவற்றைத் தெரிந்துகொண்டால்தான் மெடலின் குணம் புரியும்.

முதல் பட்டை 'பெர்ஷியன் கல்ஃப் 1909-1914'. மஸ்கட் அந்தக் காலத்தில் துப்பாக்கிச் சந்தை. ஐரோப்பாவில் செய்த ரைஃபிள்கள் கப்பலில் மஸ்கட் வந்து, அங்கிருந்து அரபுப் பாய்மரக் கலங்களில் மக்ரான் கரைக்குப் போய், ஒட்டகத்தில் ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பட்டாணியர் கைக்குப் போனது. அங்கே அது பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாயைச் சுட்டது. பிரிட்டனிலேயே செய்த துப்பாக்கிகளும் அதில் உண்டு. மஸ்கட் சுல்தானிடம் நேரடியாகத் தடை போடச் சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் அங்கே பிரான்சுக்கும் வியாபார உடன்படிக்கை இருந்தது, பிரெஞ்சு வியாபாரிகள் கடை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் கடற்படை நடுக்கடலில் கலம் கலமாக ஏறிச் சோதனை போட்டது. கப்பலை நிறுத்திவிட்டு, கூரையில்லாத படகுகளில் நாலைந்து பேராக வளைகுடா வெயிலில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பதுதான் அந்த வேலை. ஏழாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல் இந்தப் பட்டையை வாங்கினார்கள்.

இதே பட்டைக் காலத்தில்தான் துபாய்ச் சம்பவமும் வருகிறது. 1910 டிசம்பர் 24 அன்று 'ஹையசிந்த்' என்ற குரூசரிலிருந்து ஆட்கள் துபாயில் இறங்கி, ஆயுதம் தேடுகிறோம் என்று வீடுகளில் புகுந்தார்கள். ஊர் திரண்டது. சண்டையில் துபாய்க்காரர்கள் 37 பேர் செத்தார்கள், பிரிட்டிஷ் தரப்பிலும் சிலர் செத்தார்கள். அதன் பிறகு அட்மிரல் ஸ்லேட், செத்தவர்களின் ஊரிடமே 400 ரைஃபிள்களை அபராதமாகக் கேட்டார். நம் ஊர்களில் பாதி வீட்டுக்கு மணியார்டர் வந்த துபாய் க்ரீக் கரைதான் அது. ஒரு பட்டையில் இதெல்லாம் எழுதியிருக்காது. 'பாரசீக வளைகுடா', இரண்டு வருஷ எண்கள், முடிந்தது.

ஈராக், வடமேற்குப் பாரசீகம் என்று முதல் உலகப் போருக்குப் பிந்தைய பட்டைகள் சொற்பமானவை. நதிப் பீரங்கிப் படகுக்காரர்களும் காஸ்பியன் பக்கம் போன சிறு கடற்படைக் குழுவும் வாங்கியவை. சேகரிப்பாளர்கள் இவற்றுக்காக அடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை.

பாலஸ்தீனத்துக்கு இரண்டு பட்டை. 1936-1939 ஒன்று, 1945-48 இன்னொன்று. முதலாவது அரபுக் கிளர்ச்சிக் காலம். இரண்டாவது பட்டையைச் சம்பாதித்தவர்களின் வேலை, ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்களின் கப்பல்களைக் கரை சேரவிடாமல் மறிப்பது. 1947 ஜூலை 18 அன்று 'எக்ஸோடஸ்' கப்பலை மறித்தபோது அதில் 4500 பேருக்கு மேல் இருந்தார்கள், பெரும்பாலோர் ஹிட்லரின் முகாம்களில் தப்பிப் பிழைத்தவர்கள். ஏற வந்த மாலுமிகள்மேல் உருளைக்கிழங்கையும் தகர டப்பாக்களையும் எறிந்தார்கள். மாலுமிகள் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடத்தினார்கள், சுடவும் செய்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். பிடிபட்டவர்களைக் கடைசியில் கொண்டுபோய் இறக்கிய இடம் ஜெர்மனியின் ஹாம்பர்க். இரண்டு வருஷம் முன்னால் அந்தக் கைதிகளுக்காகப் போரிட்டோம் என்று பெருமைப்பட்ட மாலுமி, இந்தப் பட்டையை நெஞ்சில் குத்திக்கொள்ளும்போது என்ன நினைத்திருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. சட்டைப்பையில் பேசாமல் போட்டுக்கொண்டவரும் இருந்திருப்பார்.

'தென்கிழக்கு ஆசியா 1945-46' பட்டை ஜப்பான் சரணடைந்த பிறகு ஜாவா, சுமத்ரா, பிரெஞ்சு இந்தோசீனா பக்கம் பணி செய்தவர்களுக்கு. அங்கே விடுதலை கேட்டவர்களை அடக்கப் போன தரைப்படையில் பெரும்பங்கு இந்தியச் சிப்பாய்கள். சுரபாயாவில் 1945 அக்டோபர் 30 அன்று பிரிகேடியர் மல்லாபி கொல்லப்பட்டாரே, அவர் தலைமை தாங்கியது 49-ஆவது இந்தியப் படைப்பிரிவு. சொந்த நாட்டுக்கே விடுதலை கிடைக்காத ஆட்கள் அடுத்த நாட்டின் விடுதலையை அடக்கப் போனார்கள்.

சேகரிப்பாளர் உலகத்தில் ராஜா 'யாங்ஸி 1949' பட்டைதான். இதன் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சீனாவில் உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டம். யாங்ஸி ஆற்றின் வடகரையில் கம்யூனிஸ்ட் படை, தென்கரையில் தேசியப் படை. நான்கிங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குக் காவலாக நின்ற 'கன்சார்ட்' கப்பலை மாற்றிவிட, ஏப்ரல் 20 அன்று 'அமெதிஸ்ட்' என்ற ஃபிரிகேட் யாங்ஸி ஆற்றில் ஏறிப் போனது. வடகரையிலிருந்து பீரங்கி வெடித்தது. கப்பல் மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. கேப்டன் ஸ்கின்னர் படுகாயமடைந்து இறந்தார். உதவிக்கு வந்த 'கன்சார்ட்', 'லண்டன்', 'பிளாக் ஸ்வான்' மூன்றும் அடி வாங்கித் திரும்பின. எல்லாக் கப்பல்களையும் சேர்த்து 40-க்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள், கரையிலும் பல சீனர்கள் செத்தார்கள். நான்கிங் தூதரகத்திலிருந்து வந்த லெப்டினன்ட் கமாண்டர் கெரன்ஸ் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு பேச்சுவார்த்தை, இழுபறி. சீனத் தரப்பு, "முதலில் சுட்டது நீங்கள்தான், ஒப்புக்கொள்ளுங்கள்" என்றது. இவர்கள் மறுத்தார்கள். எண்ணெய் குறைந்தது, சாப்பாடு பாதியானது, கப்பலெங்கும் எலி. 'சைமன்' என்ற பூனை, அதுவும் குண்டுக் காயத்தோடு, எலி பிடித்தே பேர் வாங்கியது.

101-ஆவது நாள், ஜூலை 30 இரவு. கப்பலின் உருவம் தெரியாதபடி கறுப்புத் துணி கட்டினார்கள். நங்கூரச் சங்கிலி சத்தம் போடக் கூடாது என்று அதில் மசகு தடவிப் படுக்கைத் துணியைச் சுற்றினார்கள். ஆற்றில் ஒரு பயணிகள் கப்பல் விளக்கேற்றிக்கொண்டு போக, அதன் பின்னாலேயே சத்தமில்லாமல் தொற்றிக்கொண்டார்கள். கரைப் பீரங்கிகள் விழித்துக்கொண்டபோது குண்டு அந்தப் பயணிகள் கப்பல்மேலும் விழுந்தது. இருட்டில் ஒரு சீனப் பாய்ப்படகை இடித்துக்கொண்டும் போனார்கள். நூறு மைலுக்கு மேல் ஆற்றோடு இறங்கி, விடியும் நேரத்தில் வூசுங் கோட்டையைத் தாண்டிக் கடலைத் தொட்டார்கள். லண்டன் பத்திரிகைகள் கொண்டாடின. அந்தப் பயணிகள் கப்பலிலும் பாய்ப்படகிலும் இருந்த ஆட்களைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை. சைமனுக்கு விலங்குகளுக்கான டிக்கின் மெடல் கிடைத்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் நோய்த் தடுப்புக்காகத் தனிமைப்படுத்தி வைத்த இடத்தில் நவம்பரில் அது செத்துப்போனது.

இதில் மெடல் கதை என்னவென்றால், ஆற்று வாய்க்குள் வந்து அமெதிஸ்டுக்குத் துணை நின்ற 'கன்கார்ட்' என்ற கப்பலின் மாலுமிகளைப் பட்டியலில் நீண்ட காலம் சேர்க்கவே இல்லை. சீன எல்லைக்குள் இன்னொரு போர்க்கப்பல் போனது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற தயக்கம். மெடல் யாருக்குப் போகிறது என்பதைவிட யாருக்குப் போகவில்லை என்பதில் சில நேரம் அரசியல் பச்சையாகத் தெரியும்.

1956 சூயஸ் இன்னும் நல்ல உதாரணம். நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார், பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் சேர்ந்து தாக்கின. நவம்பர் 6 அன்று 'ஓஷன்', 'தீஸியஸ்' என்ற இரு கப்பல்களிலிருந்து ராயல் மரீன்களின் '45 கமாண்டோ' என்ற படைப்பிரிவு ஹெலிகாப்டர்களில் போர்ட் சைத் நகரில் போய் இறங்கியது. கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் படை இறக்கித் தாக்குவது உலகிலேயே அதுதான் முதல் தடவை. ஆனால் பிரதமர் ஈடன், எகிப்தோடு நாங்கள் போரில் இல்லை, 'ஆயுத மோதலில்' இருக்கிறோம் என்றார். அப்புறம் மெடல் பட்டையில் சூயஸ் என்றோ எகிப்து என்றோ போட முடியுமா? 'நியர் ஈஸ்ட்' என்று போட்டார்கள். 'அண்மைக் கிழக்கு'. எங்கே என்று கேட்டால் எங்கேயோ!

அதற்கு முன்பு 1951 முதல் 1954 வரை அதே கால்வாய் மண்டலத்தில் காவல் நின்ற ஆட்களுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. பெரும்பாலும் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த 18, 19 வயதுப் பையன்கள். எகிப்தியர்களின் தாக்குதலில் செத்தவர்களும் உண்டு. கேட்டுக் கேட்டு, அலைந்து அலைந்து, கடைசியில் 2003-இல்தான் 'கனால் ஸோன்' என்ற பட்டைக்கு ஒப்புதல் வந்தது. ஐம்பது வருஷம். எழுபது வயதுத் தாத்தாக்கள் தபாலில் வந்த மெடலைப் பிரித்தார்கள். மெடலே 1962-இல் முடிந்துபோனது, பட்டை 2003-இல் சேர்கிறது!

சைப்ரஸ், அரேபியத் தீபகற்பம் என்று மேலும் உண்டு. கண்ணிவெடி அகற்றியதற்கும் தனிப் பட்டைகள் உண்டு, என்னைக் கேட்டால் யாரையும் அடக்காமல் சம்பாதித்த பட்டைகள் அவை மட்டும்தான். கடைசியாகக் களம் கண்டது 'புருனே', 1962 டிசம்பரில் இரண்டு வாரம். டிசம்பர் 12 அன்று சாதாரணச் சரக்குப் படகுகளில் ஏறி லிம்பாங் ஊரில் பிணைக்கைதிகளை மீட்ட, '42 கமாண்டோ' என்ற ராயல் மரீன் படைப்பிரிவைச் சேர்ந்த அணிக்குத் தலைவர் கேப்டன் ஜெரமி மூர். ஐந்து மரீன்கள் இறந்தார்கள். இருபது வருஷம் கழித்து 1982-இல் ஃபாக்லாந்தில் அர்ஜென்டினாவின் சரணாகதியில் கையெழுத்து வாங்கியவரும் இதே மூர்தான்.

சரி, இப்போது உங்கள் மெடலைக் கையில் எடுங்கள். பழைய ஐம்பது பைசாவைவிடப் பெரிசு, 36 மில்லிமீட்டர் குறுக்களவு. பின்பக்கத்துப் பெண் பிரிட்டானியா, பிரிட்டன் நாட்டின் உருவகம். குதிரைகள் சாதாரணக் குதிரை இல்லை, பின்பாதி மீன்வால். கடலைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி செதுக்கியிருக்கும். வடிவமைத்தவர் மார்கரெட் வின்ஸர் என்ற பெண் சிற்பி. தேய்மானம் இருந்தால் முதலில் குதிரையின் பிடரிதான் மழுங்கியிருக்கும்.

முன்பக்கத்தில் ராஜா தலையைச் சுற்றி லத்தீனில் எழுத்து ஓடும். பூதக்கண்ணாடி வைத்து அதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜின் தலையில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் பட்டப்பெயர் 'இண்டியே இம்ப்' என்று முடியும், இந்தியாவின் பேரரசர் என்று அர்த்தம். இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு அந்தப் பட்டத்தைக் கைவிட்டார்கள். புதிய வகையில் அந்த இடத்தில் 'ஃபிட் டெஃப்', அதாவது சமயக் காவலர் என்று இருக்கும். 1936-1939 பாலஸ்தீன மெடலில் ராஜா நமக்கும் பேரரசர், உங்கள் மலாயா மெடலில் பெரும்பாலும் இல்லை. நம் சுதந்திரம் ஒரு வெள்ளி வில்லையின் ஓரத்தில் இப்படிச் சத்தமில்லாமல் பதிவாகியிருக்கிறது. எனக்கு முதன்முதலில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தபோது, மெடலின் மற்ற கதைகளெல்லாம் மறந்துபோய் இந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராஜா தலை இருப்பதால் இன்னொன்றும் தெரிகிறது. ஆறாம் ஜார்ஜ் 1952 பிப்ரவரியில் இறந்தார். பிறகு அடித்தவற்றில் எலிசபெத் ராணி தலை. ஆக, உங்கள் மெடல் மலாயாச் சண்டையின் முதல் பாதியைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 'மலாயா' பட்டையில் வருஷம் போடாததையும் கவனியுங்கள். பட்டை அடித்த நேரத்தில் சண்டை எப்போது முடியும் என்று அடித்தவர்களுக்கே தெரியாது.

பெயர் ஒற்றுமையால் வரும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். தேடினால் இதே பெயரில் 1847-ஆம் வருஷ மெடல் ஒன்றும் வரும். அது வேறு. 1793 முதல் 1840 வரை நடந்த கடற்சண்டைகளுக்காக, அதுவரை உயிரோடு இருந்து விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. விக்டோரியா ராணி தலை, இருநூற்றுக்கும் அதிகமான பட்டைகள். அதில் ஒன்று 'சான் ஃபியொரென்ஸோ 8 மார்ச் 1808'. நம் மன்னார் வளைகுடாவில் மூன்று நாள் துரத்தி ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலைப் பிடித்த கதை அது. ஆனால் அது உங்கள் பெட்டியில் இருக்க வாய்ப்பில்லை, இருந்தால் இந்தப் பதிலை மூடிவிட்டு நேராக லாக்கருக்குப் போங்கள்.

விலை. மலாயா பட்டை உள்ளவை ஆயிரக்கணக்கில் கொடுக்கப்பட்டன, அதனால் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். 'யாங்ஸி 1949' பட்டையோடு அமெதிஸ்ட் கப்பல் மாலுமியின் மெடல் வந்தால் ஏலத்தில் பல மடங்கு போகும். அதனாலேயே அந்தப் பட்டையைப் போலியாகச் செய்து சாதாரண மெடலில் ஏற்றி விற்பவர்களும் உண்டு. ஆனால் எந்த மெடலுக்கும் மதிப்பு அதன் விளிம்பில்தான்.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் இல்லாததும் அதுதான். மெடலைச் செங்குத்தாகப் பிடித்து ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். பெற்றவரின் எண், பெயர், பதவியின் சுருக்கம், கடற்படைப் பிரிவு எல்லாம் பொடி அளவில், ஆங்கிலக் கேபிடல் எழுத்துகளில் வரிசையாக அச்சாகியிருக்கும். பாரசீக வளைகுடாக் காலத்தில் கப்பல் பெயரையும் போட்டார்கள். எழுத்துகள் அச்சால் குத்தியவையாக ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். கையால் கீறினது போலிருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் விளிம்பு ஒல்லியாக இருந்தாலோ, பழைய பெயரை ராவிவிட்டு வேறு பெயர் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தயவுசெய்து புளி, விபூதி, பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். கறுத்த வெள்ளி கறுத்தே இருக்கட்டும். தேய்த்தால் முதலில் போவது அந்த எழுத்துதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், செம்பவாங் தளத்தில் ஏராளமான தமிழர்களும் மலையாளிகளும் சிவிலியன் வேலையாட்களாகத்தான் இருந்தார்கள். பட்டறை, ஸ்டோர், ஆபீஸ், கேன்டீன். தளத்தில் வேலை பார்த்ததால் மட்டும் இந்த மெடல் வந்துவிடாது. கடற்படையின் ஆள் பதிவேட்டில் பெயர் ஏறி, சீருடையில், சமையல்காரராகவோ ஸ்டீவர்டாகவோ கப்பலில் போயிருந்தால் வரும். அப்படி உள்ளூரில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆசிய ஆட்களும் இருந்தார்கள். விளிம்பில் தாத்தாவின் பெயரே இருந்தால் அந்த எண்ணை வைத்து மேலே தேடலாம். பிரிட்டிஷ் கடற்படையின் பழைய மெடல் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏ.டி.எம். 171' என்ற தொகுப்பில் இருக்கின்றன.

வேறு பெயர் இருந்தாலும் ஏமாந்துவிட வேண்டாம். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்கார மாலுமி தன் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், கடன் தீர்க்கக் கொடுத்திருக்கலாம், அடகுக்கு வந்து மீட்காமல் கிடந்ததைத் தாத்தா வாங்கியிருக்கலாம். அப்போது கேள்வி வேறாகிறது. யாருடைய மெடலை, எதற்காக, அவர் இத்தனை வருஷம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார் என்பதை வீட்டில் விசாரிக்க வேண்டியிருக்கும்.

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, விளிம்பைச் சுற்றி நாலு படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்துகளைப் படித்துச் சொல்கிறேன்.